ஒன்பதாம் வகுப்பிலேயே கூட்டி வாருங்கள்

எங்கள் கல்லூரியில் வருஷா வருஷம் சுற்றுவட்டார அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்டுவோம். ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருத்தி, அதனால் வெளியே நின்று குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் சொல்லித்தான் ஆகணும். பிளஸ் டூ பிள்ளைகளை உட்கார வைத்து "நீங்களும் என்ஜினியர் ஆகலாம், விஞ்ஞானி ஆகலாம்" என்று மைக்கில் முழங்குவதால், கேட்டுக்கொண்டிருக்கிற பல பேருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்கள் படிப்பது காமர்ஸ் குரூப். என்ஜினியரிங் கலந்தாய்வுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். அந்தக் கதவு பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்திலேயே சாத்தியாகிவிட்டது, சாத்தியது அவர்களுக்கே தெரியாது.

குரூப் எப்படி முடிவாகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "எங்க ஸ்கூல்ல அந்த குரூப்தான் இருந்துச்சு மிஸ்." "என் ஃபிரண்ட் சேர்ந்தா, நானும் சேர்ந்தேன்." "கணக்கு வராதுன்னு சார் சொன்னாரு." சின்ன ஊர்ப் பள்ளியில் எல்லா குரூப்பும் இருக்காது. அறிவியல் குரூப் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி அடுத்த ஊருக்குப் போகணும், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேர முடியும், பொம்பளைப் பிள்ளை என்றால் வீட்டில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பதினைந்து வயதில், மார்க் ஷீட்டும் டிசியும் கையில் வைத்துக்கொண்டு ஹெச்.எம். அறை வாசலில் நிற்கிற அந்த அரை மணி நேரத்தில் வாழ்க்கையின் பாதி தீர்மானமாகிறது, அந்த நேரத்தில் பக்கத்தில் கல்லூரி ஆள் ஒருத்தரும் இருப்பதில்லை. நாங்கள் இரண்டு வருஷம் கழித்து பிளக்ஸ் கட்டிக்கொண்டு வருகிறோம்.

அரசும் இதைச் செய்யாமல் இல்லை. 2022 மார்ச்சில் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டுகிற நான் முதல்வன் திட்டம் வந்தது, அதில் பிளஸ் டூ பிள்ளைகளைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் கூட்டிப் போகிறார்கள். அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்லித்தருகிற கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடக்கிறது, பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க உயர்வுக்குப் படி முகாம் நடக்கிறது. நல்ல காரியங்கள்தான். என் குறை வயசு பற்றியது மட்டும்: இதே பஸ்ஸை, இதே சாப்பாட்டுப் பொட்டலத்தை, ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

நான் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தேனி ரோட்டில் மதுரைக்கு வரும்போதெல்லாம் நாகமலைக்கு முன்னால் காமராசர் பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். 1966-இல் ஆரம்பித்த பல்கலைக்கழகம், அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயேதான் இருக்கிறது. அதன் வாசலை ஜன்னல் வழியாகப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கம் இருக்காது, உள்ளே கால் வைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "அது ஆபீஸ்னு நினைச்சேன் மிஸ்" என்று ஒரு பையன் சொன்னான். மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி, கொஞ்சம் தள்ளி உயர் நீதிமன்றக் கிளை, அப்புறம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. மூன்றில் அவர்கள் இறங்குகிற இடம் பஸ் ஸ்டாண்டு மட்டும். ஐந்து வருஷ சட்டப் படிப்பில் சேர எந்த குரூப் எடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைக் காமர்ஸ் பிள்ளைகள் நிறைந்த அரங்கத்தில் சொன்னபோது பின் வரிசையில் பெரிய சலசலப்பு. அதுவரை நடந்த உரைகள் எதற்கும் அந்தச் சத்தம் வரவில்லை.

கேள்வி கேளுங்கள் என்று மைக்கை நீட்டினால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கூட வந்த டீச்சர் முறைத்தால் ஒருத்தி எழுந்து மனப்பாடம் செய்த கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அதனால் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் டப்பாவில் போடச் சொன்னோம். வந்த சீட்டுகளில் ஒன்றில்கூட "விஞ்ஞானி ஆவது எப்படி" இல்லை. ஹாஸ்டலில் மாசம் எத்தனை தடவை ஊருக்கு விடுவார்கள்? இங்கிலீஷ் பேசத் தெரியாவிட்டால் கிளாஸில் சிரிப்பார்களா? அரியர் வைத்தால் வெளியே அனுப்பிவிடுவார்களா? அண்ணன் டிப்ளமோ படித்திருக்கிறான், எனக்கு முதல் பட்டதாரி சான்று தருவார்களா? ஒரு சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது: "காலேஜுக்கு யூனிஃபார்ம் உண்டா? இல்லைன்னா தினமும் என்ன டிரெஸ் போடுறது?" படித்ததும் மேடையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை வீட்டு நிலைமை தெரிந்து கணக்குப் போட்டுக் கேட்கிறது. அதற்கு நேர்மையான பதிலைச் சொன்னது எங்கள் இரண்டாம் வருஷ மாணவி ஒருத்திதான். "நான் மூணு சுடிதார்தான் வச்சிருக்கேன்மா, மாத்தி மாத்திப் போடுறேன், யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்றாள். அன்றைக்கு முழுதும் அவளைச் சுற்றி ஒரு கூட்டம்.

சான்றிதழ் விஷயம்தான் நிஜமாகவே பிள்ளைகளை வீழ்த்துவது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, மறு வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எனத் தொழிற்படிப்புகளுக்கும் நீண்டது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு வழி உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த வருஷங்கள் கணக்கில் வராது. மதுரை டவுனுக்குள் பெயர் பெற்ற பள்ளிகளில் பல உதவி பெறும் பள்ளிகள், ஊர் வழக்கில் அவற்றுக்கும் "கவர்மெண்டு ஸ்கூல்" என்றே பெயர். ஆச்சி வீட்டில் தங்கி அப்படி ஒரு பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிள்ளைக்கு, தான் இந்த ஒதுக்கீட்டுக்குள் வர மாட்டோம் என்பது கலந்தாய்வு விண்ணப்பம் போடும்போதுதான் தெரிகிறது. இதில் கூடுதல் குழப்பம், மாசம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் பின்னால் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது, அதனால் இரண்டுக்கும் ஒரே விதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும், அதையும் சந்தேகப்பட்டுக் கேட்கிற பெற்றோர் உண்டு. முதல் பட்டதாரி சான்று, வருமானச் சான்று எல்லாம் ஜூன் மாசம் கூட்டத்தில் நின்று இ-சேவை மையத்தில் பதிவதைவிட முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது. கவுரவ விருந்தினர் உரைக்கு ஒதுக்கும் முக்கால் மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள், அப்புறம் சால்வை வாங்கப் போய்விடுகிறார்கள்.

பெற்றோரை அழைக்கலாம் என்று சொன்னால் செலவு என்கிறார்கள். ஒரு தடவை மட்டும், ஒரு சனிக்கிழமை, சேடப்பட்டிப் பக்கத்திலிருந்து அம்மாக்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். அரங்கத்தில் அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாஸ்டலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். ஒரு அம்மா நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார், கதவைச் சாத்தி உள் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தார், மறுபடி போட்டுத் திறந்தார். வார்டனிடம், "ராத்திரி வயித்தவலின்னா யாரும்மா கூட்டிட்டுப் போவா?" என்று கேட்டார். வார்டன் பதில் சொல்ல, சொல்ல, நம்பரை எழுதி வாங்கிப் புடவை முந்தியில் முடிந்துகொண்டார். அந்த அம்மாவின் மகள் இப்போது எங்களிடம் பி.எஸ்சி. படிக்கிறாள்.

ஆய்வகம் பற்றி ஒன்றே ஒன்று. விலை உயர்ந்த மெஷினைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்து "தொடாதீங்க" என்று சொல்வதற்குக் கூட்டி வரவே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் படமாகப் பார்த்த வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து ஒரு ரூபாய்க் காசின் விட்டத்தை அளக்கச் சொன்னோம். ஆளுக்கொரு விடை. "நீ அமுக்கிப் பிடிச்சுட்ட", "நீ சரியாப் பாக்கல" என்று சண்டை வந்து, யார் சொல்வது சரி என்று என்னிடம் வந்தார்கள். இன்னும் பத்துத் தடவை அளந்துவிட்டு வாங்க என்றேன். சாப்பாட்டு மணி அடித்தும் நகரவில்லை.

தேதி குறிக்கிறவர்களுக்கு: தயவுசெய்து ஹெச்.எம்.களிடம் கேட்டுவிட்டுக் குறியுங்கள். ஜனவரி எங்கள் ஊரில் உதவாது, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு முடிந்து பையன்கள் பள்ளிக்கு ஒழுங்காகத் திரும்பவே நாளாகும். பிப்ரவரியில் டீச்சர்கள் செய்முறைத் தேர்வு வேலையில் இருப்பார்கள், பிள்ளைகளோடு அனுப்ப ஆள் இருக்காது. காலாண்டு விடுமுறை முடிந்து தீபாவளிக்கு முன்னாலோ, இல்லை நவம்பரிலோ வையுங்கள். ஒன்பதாம் வகுப்பு, வேண்டுமானால் பத்தாம் வகுப்பும். வழிகாட்ட அதே பள்ளிகளில் படித்துவிட்டு வந்த இரண்டாம் வருஷப் பிள்ளைகளை நிறுத்துங்கள், அவர்களுக்கு அன்றைக்கு வருகைப் பதிவையும் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் போன வருஷம் கொடுக்கவில்லை.