இடது தமனி எங்கே பிறக்கிறது

அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டிய பழைய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில், டாக்டரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இலவச முகாமில் நான் பார்த்த பிள்ளை. அப்போது 9 வயது, இப்போது 11. ஏற்காட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு மலைக் கிராமம். அப்பா, அம்மா இருவருக்கும் காப்பித் தோட்டத்தில் வேலை.

"மிட்ரல் வால்வில் மிதமான கசிவு, ருமாட்டிக்காக இருக்கலாம்" என்று எழுதியிருந்தேன். ருமாட்டிக் என்பது தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்து இதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சல். அது திரும்ப வராமலிருக்க, அந்த ஒரு வரியை வைத்துப் பிள்ளைக்கு 21 நாளைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தவணைகூட விடவில்லையாம். கணக்குப் போட்டால் 30-க்கு மேல் வருகிறது. இடுப்பில் போடும் அந்த ஊசியின் வலி பெரியவர்களாலேயே தாங்க முடியாதது.

"ஊசி போட்டும் தேவலைங்க மேடம். மேடு ஏறுனா நாலு எட்டுக்கு ஒருக்கா நின்னுக்குது. நெஞ்சு அடைக்குதுங்குது."

சேலத்தில் எக்கோ டெக்னீஷியனாக எனக்கு இது 14-வது வருடம். ருமாட்டிக் காய்ச்சலில் கெட்டுப்போன வால்வுகளை நிறையப் பார்த்தாகிவிட்டது. அதனால் ஒரு பிள்ளைக்கு வால்வு கசிகிறது என்றதும் மனம் நேராக அங்கேதான் போகும். முகாமிலும் அப்படித்தான் போனது. ஆனால் ருமாட்டிக் என்றால் வால்வின் இதழ்கள் தடித்து, விறைத்து இருக்க வேண்டும். இவளுடையவை மெலிதாக, சுத்தமாக இருந்தன. பழைய ரிப்போர்ட்டில் அதையும் நானே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, அப்படியானால் ஏன் கசிகிறது என்று கேட்காமல் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. ஜெல்லைக் கையில் வைத்துச் சூடாக்கி, "இடது பக்கமா திரும்பிப் படு கண்ணு" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். இடது கீழறை பெரிதாகியிருந்தது, பம்பிங் குறைவு. வால்வைத் தாங்கும் சதைத்தூண்கள் இரண்டும் வெள்ளை வெளேரென்று மின்னின. ரத்தம் போதாமல் தழும்பேறிய சதை அப்படி மின்னும். 11 வயதில் அங்கே ரத்தம் போதாமல் போக என்ன காரணம்?

இதயச் சதைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரித் தமனிகள் இரண்டு. முதலில் வலதைத் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு பெருத்திருந்தது. இடதும், உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியிலிருந்து முறைப்படி கிளம்புவது போலத்தான் தெரிந்தது. பலரும் ஏமாறும் இடம் இது. கறுப்பு வெள்ளைப் படத்தில் பக்கத்திலுள்ள ஓர் இடைவெளிகூடத் தமனி ஒட்டியிருப்பது போலக் காட்டிவிடும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் ஸ்கேலை, மெதுவான ஓட்டமும் தெரியும்படி நன்றாக இறக்கி வைத்துப் பார்த்தேன். சிவப்பாக முன்னோக்கி ஓட வேண்டிய இடது தமனியில் நீலம். ரத்தம் திரும்பி ஓடுகிறது. அதன் பின்னாலேயே போனால், நுரையீரல் தமனிக்குள் ஒரு சின்னப் பீச்சல். இதயத்தின் நடுச்சுவர் முழுக்கக் கிளைக் குழாய்களின் கலர் புள்ளிகள். எழுந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்தேன்.

இதை ஆல்காபா என்போம். இடது கரோனரித் தமனி மகாதமனிக்குப் பதிலாக நுரையீரல் தமனியிலிருந்து பிறந்துவிடுகிறது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. 1933-இல் பிளாண்ட், வைட், கார்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் விவரித்ததால் அவர்கள் பெயராலும் சொல்வார்கள். பிறந்தவுடன் ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் இடது தமனிக்கு ரத்தத்தைத் தள்ள ஆளில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. மீதிப் பிள்ளைகளுக்கு வலது தமனி பெருத்து, கிளை விட்டு, இடப்பக்கத்துக்கும் ரத்தம் கொடுக்கிறது. அதிலும் ஒரு பங்கு இதயச் சதைக்குச் சேராமல் நுரையீரல் தமனிக்குள் வழிந்து போய்விடும். இந்தப் பிள்ளை 11 வருடம் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறாள், மேடும் ஏறியிருக்கிறாள்.

சிடி ஆஞ்சியோவில் உறுதியானது. காப்பீட்டு அட்டையோடு சென்னைக்கு அனுப்பினோம். போவதற்கு முன் அவளுடைய அப்பா கேட்டது, "இத்தன வருசம் ஓடுனது இன்னும் ஓடாதுங்களா? எதுக்கு நெஞ்சப் பொளக்கணும்?" நியாயமான கேள்வி. டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கினார். வளர்ந்த பிள்ளையானாலும் தள்ளிப்போடக் கூடாது, ஓடும்போது திடீரென்று இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும் அபாயம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்பா வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் இடது தமனியைக் கட்டி வழிவதை மட்டும் நிறுத்துவார்களாம். இப்போது இரண்டு தமனிகளும் மகாதமனியிலிருந்தே ரத்தம் வாங்க வேண்டும் என்பதுதான் வழக்கம். தமனி பிறக்கும் இடத்தைச் சுற்றிச் சட்டைப் பொத்தான் போல வெட்டியெடுத்து மகாதமனியில் தைக்கிறார்கள். அறுவை மருத்துவர்கள் அதைப் பட்டன் என்றே சொல்கிறார்கள். எட்டாத தூரத்தில் இருந்தால், 1979-இல் தகேயுச்சி சொன்ன முறையில் நுரையீரல் தமனிக்குள்ளேயே ஒரு சுரங்கம் அமைத்துக் கொண்டுவருவதும் உண்டு. வயது கூடக் கூடத் தமனி இழுத்த இழுப்புக்கு வராது என்று டாக்டர் கவலைப்பட்டார். இவளுக்குப் பட்டனே எட்டியது. வால்வைத் தொடவில்லை. சதைக்கு ரத்தம் கிடைத்தால் கசிவு தானே குறையலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இதன் உறவுக்கார நோய் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தமனி மகாதமனியிலிருந்தே பிறக்கும், ஆனால் தப்பான பக்கத்தில் பிறந்து மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே போகும். அதற்கு அறுவைச் சிகிச்சை வேறு, மகாதமனியின் சுவருக்குள் புதைந்து ஓடும் பகுதியைத் திறந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரண எக்கோவும் ஈசிஜியும் சரியாகவே இருக்கலாம். பள்ளிப் பிரேயரில் நின்றபடி மயங்குகிற பிள்ளை பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கும். ஓட்டப் பந்தயத்தின் நடுவில் விழுகிற பிள்ளை அப்படியல்ல. பி.டி. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பிள்ளையைத் தண்ணீர் தெளித்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இப்போதெல்லாம் குழந்தைக்கு எக்கோ என்றால் இரண்டு தமனிகளும் எங்கே பிறக்கின்றன, எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்க்காமல் ப்ரோபைக் கீழே வைப்பதில்லை. அழுகிற குழந்தையானால் அரைமணி கூடுதலாகும். வெளியே காத்திருப்பவர்கள் கோபப்படுகிறார்கள்.

ஆறு மாதம் கழித்து வந்தாள். நெஞ்சின் நடுவே நீளத் தழும்பு. நானும் அவள் அம்மாவும் மட்டும் இருந்தபோது, முகாமில் பார்த்தது நான்தான், அன்றே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொன்னேன். "தெரியுங்க மேடம், பேரப் பாத்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பம்பிங் ஏறியிருந்தது. கசிவு கொஞ்சம்தான். சதைத்தூண்கள் மட்டும் இன்னும் மின்னின. இடது தமனி சிவப்பு. ஓடலாமா என்று டிரெட்மில் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரைக்கும் மெதுவாகத்தான், ஆனால் நிற்காமல் ஏறினதாகச் சொன்னாள். எக்கோ ரிப்போர்ட்டில் அதை எழுத இடம் கிடையாது. டாக்டரிடம் போய் வாயால் சொன்னேன்.