உளுந்து இல்லாத இட்லி

ஜூன் 8, 2025

நாளையிலிருந்து மகனுக்குப் பால், தயிர், கோதுமை, முட்டை, உளுந்து, நிலக்கடலை கிடையாது. ரத்தப் பரிசோதனைத் தாளில் தொண்ணூறு பொருளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆறும் சிவப்பு. செலவு 12,000 ரூபாய். குறுவைக்கு விதைநெல் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து அவர் எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தை மாதம் கண் சிமிட்டலில் ஆரம்பித்தது. பங்குனியில் மூக்கை உறிஞ்சுவதும் தொண்டையைச் செருமுவதும் சேர்ந்துகொண்டன. ‘டிக்ஸ், தானாகக் குறையலாம்’ என்றார் டாக்டர். தன்னை மீறித் திரும்பத் திரும்ப வரும் இந்த மாதிரி அசைவுக்கும் சத்தத்துக்கும் அதுதான் பேராம். எட்டு வயசுப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது கண்ணை இறுக்கி இறுக்கி மூடுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? வைகாசியில் திருவையாற்றுக் கல்யாணத்தில் அசோகா அல்வா ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டான். அன்று ராத்திரி தூங்கும்வரை சிமிட்டல் நிற்கவே இல்லை. கோதுமை மாவு, நெய், கேசரிப் பவுடர் எல்லாம் அதில் இருக்கிறது. என் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினைந்து நிமிஷத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எழுதப்போகிறேன். இன்று 52.

ஜூன் 17

மேட்டூரில் 12ஆம் தேதி விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டது. எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை.

உளுந்துக்குப் பதிலாகப் பாசிப்பருப்பு, அவல், கூடக் கொஞ்சம் வெந்தயம் போட்டு அரைத்தேன். மாவு பொங்கவே இல்லை. தட்டைக் கவிழ்த்தால் இட்லி பாதி துணியிலேயே ஒட்டிக்கொண்டது. மீதியைத் தட்டில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது கொழுக்கட்டையாம்மா?” என்றான். ஆனாலும் ரெண்டு சாப்பிட்டான்.

எண்ணிக்கை 23. பாதிக்கும் கீழே! அடுப்படியில் நின்று அழுதேன். அவரைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன்.

ஜூலை 2

61. தோளைக் குலுக்குவது புதிதாக வந்திருக்கிறது.

பட்டியலில் உள்ள ஒன்றையும் தொடவில்லை. பெருங்காயத்தில் கோதுமை கலப்பார்கள் என்று அதையும் நிறுத்தினேன். பேரன் கேட்டான் என்று அத்தை பால் கொடுத்திருப்பார்களோ என்று நேராகவே கேட்டுவிட்டேன். குலதெய்வத்தின்மேல் சத்தியம் பண்ணினார்கள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஜூலை 10

பென்சில் பெட்டிக்குள் கடலை மிட்டாய்க் காகிதம் நாலைந்து இருந்தது. மடித்து மடித்து, நகம் அளவுக்குச் சிறிதாக்கி ஒளித்திருந்தான். நான் கோபப்படக்கூட இல்லை. அதற்குள் அவனே, “சாப்பிட்டா நான் கெட்டுப் போயிடுவேனாம்மா?” என்றான். மதியம் மற்ற பிள்ளைகளோடு உட்காராமல் தனியாகச் சாப்பிடுகிறானாம்.

எடை பார்த்தோம். ஜூன் தொடக்கத்தில் 24.1 கிலோ, இப்போது 22.8. வளர்கிற பிள்ளைக்கு ஒரு மாதத்தில் ஒண்ணேகால் கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறது. தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தத் தோள் எலும்பு துருத்துவதைப் பார்க்கவில்லை. தஞ்சாவூரில் அலர்ஜி டாக்டரிடம் போகலாம் என்று அவர் முடிவாகச் சொன்னார்.

ஜூலை 19

சளிக்குக் கொடுக்கும் அலர்ஜி மருந்தை ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அது உடம்பில் இருந்தால் தோல் பரிசோதனை சரியாகக் காட்டாதாம்.

முன்கையின் உள்பக்கம் பேனாவால் வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு. சொட்டின்மேல் சின்ன முள்ளால் மெல்ல ஒரு குத்து, ரத்தம் வராது. முதல் சொட்டு ஹிஸ்டமின். அது தடித்தே ஆக வேண்டும், தடிக்காவிட்டால் பரிசோதனையே செல்லாது. அடுத்தது வெறும் உப்புநீர், அது தடிக்கக் கூடாது. பதினைந்து நிமிஷம் சொறியாமல் கையை நீட்டி வைத்திருந்தான் பிள்ளை. செருமிக்கொண்டே இருந்தான், கை மட்டும் அசையவில்லை. பிறகு அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். உப்புநீரைவிட 3 மில்லிமீட்டர் அதிகம் தடித்தால்தான் கணக்கு. வீட்டுத் தூசியில் இருக்கும் பூச்சிக்கு 7 வந்தது.

உணவு எதற்கும் குத்தவில்லை. “எதையாவது சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, வாந்தி, இளைப்பு வந்திருக்காம்மா?” என்று டாக்டர் கேட்டார். இல்லை. “அப்ப எதுக்கு?” என்றார். என் சிவப்புப் பட்டியலை எடுத்து நீட்டினேன். அது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்ப்பதாம். ஒரு பொருளைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பிலேயே இருக்கும், அலர்ஜி என்று அர்த்தமில்லை. உடனடி அலர்ஜிக்குப் பார்க்க வேண்டியது ஐஜிஇ என்ற வேறொன்று. தினமும் இட்லியும் தயிரும் சாப்பிடுகிற பிள்ளைக்கு உளுந்தும் பாலும் சிவப்பாக வராமல் வேறென்ன வரும்!

மூக்கு உறிஞ்சலில் பாதி தூசி அலர்ஜி. கண் அரிப்பும் அதனால்தான். மீதி டிக்ஸ். அது ஏறி இறங்கும், ஒன்று போய் இன்னொன்று வரும், பத்து பன்னிரண்டு வயசில் கூடுதலாக இருந்து பிறகு பலருக்குக் குறையும். தூக்கம் கெட்டாலும், பயந்தாலும், சந்தோஷம் மிஞ்சினாலும் ஏறும். கல்யாணத்தன்று ராத்திரி பதினோரு மணிவரை விழித்திருந்தானே, அதை நான் கணக்கில் எடுக்கவேயில்லை.

ஜூலை 31

இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துவிட்டோம். போர்வை, உறை எல்லாம் வாரம் ஒரு முறை கொதி தண்ணீரில். மூக்கு ஸ்பிரே தினமும். உறிஞ்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது.

பாலை மட்டும் எனக்கு நம்ப முடியவில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வேலை செய்தேன். காலையில் வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி. மூன்று நாள் பசும்பால், மூன்று நாள் தேங்காய்ப்பால், மாற்றி மாற்றிப் பன்னிரண்டு நாள். ஏலக்காய் தூக்கலாகப் போட்டதில் வித்தியாசம் தெரியவில்லை. எது என்றைக்கு என்று எனக்கு மட்டும் தெரியும். எண்ணியது அவர்.

பசும்பால்: 31, 44, 27, 35, 40, 26. தேங்காய்ப்பால்: 46, 29, 38, 33, 24, 37. ரெண்டையும் கூட்டிப் பார்த்தால் 203, 207.

நேராக அத்தையிடம் போய், “தப்பா நினைச்சிட்டேன் அத்தை” என்றேன். “பிள்ளைக்குத் தயிரை ஊத்து, போ” என்றார்கள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. புஷ்ய மண்டபப் படித்துறையில் காலெடுத்து வைக்க இடமில்லை. காப்பரிசி, மஞ்சள் கயிறு, புளியோதரை, தயிர்சாதம். மூன்று கவளம் தயிர்சாதத்தைக் கையில் வாங்கித் தின்றான்.

சப்பரத்தில் வண்ணக் காகிதம் அவனே ஒட்டினான். தெருமுனைவரை இழுத்துப் போய் வரும்வரை சிமிட்டலும் இல்லை, செருமலும் இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சரமாரியாக வந்தது. இன்று யாரும் எண்ணவில்லை.

ஆகஸ்ட் 24

டிக்ஸைச் சமாளிக்கும் பயிற்சிக்கு ரெண்டு முறை போய்வந்தோம். குலுக்கல் வருமுன் உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார்கள். “தும்மல் வர்ற மாதிரி தோள்ல வருது” என்றான். எட்டு மாதமாகப் பக்கத்தில் இருக்கிறேன், இதை நான் கேட்டதே இல்லை. அது வரும்போது முழங்கையை விலாவோடு அழுத்தி, மூச்சை மெதுவாக விட வேண்டும், அந்த உந்தல் போகிறவரை. செய்தால் பாராட்டலாம். டிக்ஸ் வந்தால் கவனிக்காதது போல இருக்க வேண்டும், ‘அடக்கு’ என்று சொல்லவே கூடாது.

எடை 23.9. ராத்திரி வாசலில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி பண்ணினான். அத்தையும் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கூடவே மூச்சு விட்டார்கள்.