செஷனின் கடைசிப் பத்து நிமிடம்

வேலையில் ஒருவர் தன் இலக்கை எட்ட, கேள்விகள் கேட்டே துணை நிற்பதுதான் இங்கே சொல்லும் கோச்சிங். அதன் ஒரு மணி நேர செஷனில் 50வது நிமிடம் வந்ததும், பேச்சு எவ்வளவு நல்ல இடத்தில் போய்க்கொண்டிருந்தாலும் அதை அங்கே நிறுத்திவிட வேண்டும். மிச்சமிருக்கும் பத்து நிமிடம் அடுத்த இரண்டு வாரத்துக்கானது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் 58வது நிமிடத்தில் அவசர அவசரமாக "அப்போ என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். "கண்டிப்பா ட்ரை பண்றேன் சார்" என்று பதில் வருகிறது. அடுத்த செஷனுக்கு வரும்போது அந்த வேலை தொடப்படாமலே கிடக்கும்.

"ட்ரை பண்றேன்" என்பதில் நாளும் இல்லை, இடமும் இல்லை, ஆளும் இல்லை. எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஒரு டீம் லீடரை எடுத்துக்கொள்வோம். இனிமேல் வேலையைப் பிரித்துக் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்.

"எந்த வேலையை?"

"வாராந்திர ரிப்போர்ட்டை."

"யார்கிட்ட, எப்போ சொல்வீங்க?"

"டீம்ல இருக்கிற சீனியர்கிட்ட. திங்கக்கிழமை காலை மீட்டிங் முடிஞ்சதும்."

"அன்னைக்கு அவர் லீவா இருந்தா?"

"செவ்வாய்க்கிழமை போன்ல சொல்லிடறேன்."

கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவெடுப்பது வெறும் ஆசையைவிட எவ்வளவு வலுவானது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களிலிருந்தே ஆய்ந்து எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை அந்தச் சீனியர் இல்லையென்றால் நம் ஆள் புதிதாக யோசிக்கத் தேவையில்லை. யோசிக்க உட்கார்ந்தால் பழைய பழக்கம்தான் ஜெயிக்கும், ரிப்போர்ட்டை அவரே போட்டுவிடுவார்.

அடுத்து, "இதை முடிச்சிடுவீங்கன்னு பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை?" 7க்குக் கீழே எண் வந்தால், தைரியம் சொல்லி எண்ணை ஏற்றப் பார்க்காதீர்கள். வேலையைச் சின்னதாக்குங்கள். 5 என்கிறாரா? முழு ரிப்போர்ட் வேண்டாம், அதில் இருக்கும் டேபிளை மட்டும் கைமாற்றட்டும். இப்போது 8 வரும். "ஏன் 3 சொல்லாம 5 சொன்னீங்க?" என்றும் கேட்கலாம். தன்னால் முடியும் என்பதற்கான காரணங்களை அவர் வாயாலேயே சொல்லுவார். நாம் சொல்வதைவிட அதற்குப் பலம் அதிகம்.

பிறகு, முடிந்தது என்று தெரிவிக்கும் வழியை யார் முடிவுசெய்வது? அவர்தான். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப் கோச்களுக்கு வகுத்திருக்கும் எட்டுத் திறன்களில் கடைசியானது க்ளையண்டின் வளர்ச்சிக்குத் துணை நிற்பது. இலக்கு, செயல், பொறுப்பை உறுதிசெய்யும் வழி ஆகியவற்றை வகுப்பதில் க்ளையண்டின் சுதந்திரத்தை மதிக்க வேண்டும் என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. "செவ்வாய் சாயங்காலம் வாட்ஸ்அப்ல ஒரு வரி போடறேன்" என்று அவரே சொன்னால் போதும். தினமும் "முடிச்சிட்டீங்களா?" என்று நாம் துரத்தினால், அவர் நமக்காகச் செய்ய ஆரம்பித்துவிடுவார். ஒப்பந்தம் முடியும் அன்றே அந்த வேலையும் நின்றுபோகும்.

செய்யாமல் வந்தால்? "பரவாயில்ல, விடுங்க" என்பது கனிவாகத் தெரியும், ஆனால் கொடுத்த வாக்குக்கு மதிப்பில்லை என்று சொல்லிக்கொடுத்துவிடும். முகத்தைக் கடுமையாக்கினால் அடுத்த முறை செஷனையே தள்ளிப்போடுவார். "அந்தத் திங்கக்கிழமை என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். 'ஏன்' என்று கேட்டால் சாக்கு வரும், 'என்ன' என்று கேட்டால் நடந்தது வரும். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: அந்த அடி பெரியதாக இருந்திருக்கும், வெளியே ஏதோ உண்மையிலேயே தடுத்திருக்கும், அல்லது அந்த இலக்கே அவருடையதாக இல்லாமல் மேலதிகாரியுடையதாக இருந்திருக்கும். முதல் இரண்டும் திட்டத்தை மாற்றினால் சரியாகும். மூன்றாவதற்கு இலக்கையே திரும்ப எழுத வேண்டும். ஒரே வேலை மூன்று முறை தள்ளிப்போனால் அந்தச் சந்தேகம் வந்தாக வேண்டும்.

கம்பெனி பணம் கட்டும் இடத்தில் இது அதிகம் நடக்கிறது. அதனால்தான் க்ளையண்ட், மேலாளர், கோச் மூவரும் ஆரம்பத்திலேயே ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து, ஹெச்ஆருக்கு எது போகும், எது போகாது என்று எழுதிக்கொள்வது அவசியம். எத்தனை செஷன், எந்தத் தேதி என்பது போகலாம். உள்ளே பேசியது போகக் கூடாது. முன்னேற்றத்தை க்ளையண்டே தன் வாயால் சொல்லட்டும். இந்த எல்லை தெளிவில்லாத இடத்தில் க்ளையண்ட் நல்ல பேர் வாங்குவதற்காகவே பதில் சொல்வார்.

குறிப்பையும் அவர் கையாலேயே எழுதவிடுங்கள். தேதி, வேலை, பத்துக்குச் சொன்ன நம்பிக்கை எண், நடந்தது என்று நான்கு கட்டம் போட்ட ஒரு தாள் போதும். பாதி வழியில் அதை அவரே வாசித்துப் பார்க்கட்டும். 5ல் தொடங்கியது 8க்கு வந்திருப்பது பல சமயம் அப்போதுதான் அவர் கண்ணில் படும்.

முடிவு நெருங்கும்போது இடைவெளியை இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாக்குங்கள். கடைசி செஷனின் கடைசிப் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எனக்கு அனுப்பிட்டிருந்த அந்த ஒரு வரியை இனிமே யாருக்கு அனுப்பப் போறீங்க?"