அவங்களுக்குச் சரி

“அவனுக்கு வலிச்சிருக்குமா ஐயா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“இல்லம்மா. எதுவும் தெரிஞ்சிருக்காது. உடனே முடிஞ்சிருக்கும்” என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். நான்கு மாதமாக இதையேதான் மனதுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மரணச் செய்தி சொல்லப் போகிற போலீஸ்காரர்களோடு சாப்ளனாக, அதாவது துணைக்கும் ஆறுதலுக்கும் நிற்கிற பாஸ்டராகப் போவது எனக்குப் புதிதல்ல. ஆறு வருடமாகச் சம்பளம் வாங்காமல், விரும்பிச் செய்கிற வேலை. போனில் சொல்லக் கூடாது, நேரில் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். ‘போயிட்டார்’ என்று சுற்றி வளைக்காமல் ‘இறந்துவிட்டார்’ என்றே சொல்ல வேண்டும்; ‘போயிட்டார்’ என்று சொன்னதும் “எங்கே?” என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றும் இதிலெல்லாம் தவறவில்லை. அவரை உள்ளே உட்காரவைத்து, மகனின் பெயரைச் சொல்லி, விபத்தில் இறந்துவிட்டார் என்று தம்பிதான் சொன்னார். அந்தக் காவலரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். உள்ளறையில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துவைத்து முடித்துவிட்டு அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, யாரும் எழுந்து போகவில்லை.

ஷிப்டில் ஆள் பற்றாமல், விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போனவரே செய்தி சொல்லவும் வர வேண்டியதாயிற்று. கையைக் கழுவிவிட்டுத்தான் வந்தார். ஆனால் வலது கைச் சட்டையின் மணிக்கட்டுப் பகுதி நனைந்து கறுத்திருந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்னால் அதை உள்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டார். அதைப் பார்த்தேன். பார்த்தும், அவர் அங்கே என்ன பார்த்தார் என்று கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் யார் முதலில் பேசுவது, எங்கே உட்காருவது என்றுதான் பேசிக்கொண்டு வந்தோம்.

திரும்பும்போது வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“உடனே முடியலை பாஸ்டர். பதினோரு நிமிஷம். பேசினான்.”

நான் என்ன சொன்னேன்? “அந்த நேரத்துல அவங்களுக்கு அதுதான் தேவைப்பட்டுச்சு தம்பி” என்றேன்.

“அவங்களுக்குச் சரி” என்றார். அப்புறம் வண்டியை எடுத்துவிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில், தெரியாததை இட்டுக்கட்டிச் சொல்லாதீர்கள் என்று இருக்கிறது. புதிதாக வருகிற தன்னார்வலர்களுக்கு அந்த வரியை நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன். “எனக்குத் தெரியலம்மா” என்பதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

ஆனால் அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார். நான் ‘இல்லை’ என்றதும் அந்தப் பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாகத் தளர்ந்ததை என் தோல் உணர்ந்தது. “எனக்குத் தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு அவரை அந்த ராத்திரிக்குள் விட்டுவர என்னால் முடிந்திருக்குமா? நாளைக்கே இன்னொருவர் அதே மாதிரி பிடித்துக்கொண்டு கேட்டால் வேறு மாதிரி பேசுவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது தப்பு என்று தெரிந்தும்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தப் பொய்யின் பாரம் என்மேல் விழுந்திருந்தால் பரவாயில்லை. அது விழுந்தது தம்பிமேல். அந்தப் பதினோரு நிமிடத்தை அறிந்த ஒரே ஆள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் பேசி முடித்த பிறகு, அங்கே அதைச் சொல்ல அவருக்கு வழியே இல்லை. வண்டிக்குள் சொல்ல முயன்றபோதும் நியாயம் பேசி அடைத்துவிட்டேன். சாப்ளன் என்ற சொல்லே, 4-ஆம் நூற்றாண்டில் ரோமப் படைவீரராக இருந்த மார்ட்டினின் மேலங்கியிலிருந்து வந்தது. குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்காக அந்த அங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பார்கள். பின்னாளில் அதைப் பாதுகாத்த குருமாருக்கு வந்த பெயர் இது. மார்ட்டின் தன் அங்கியைத்தான் வெட்டினார். நான் தம்பியுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறமாவது அவரைத் தேடிப் போயிருக்கலாம். போகாததற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. சம்பவம் முடிந்த கையோடு ஆளை உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசவைப்பது ஒரு காலத்தில் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வழக்கம். அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பது பின்னால் வரும் மனப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிற காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2002-இல் சொன்னது. கட்டாயப்படுத்தக் கூடாது, அவராக வருவார், காத்திருப்போம் என்று இருந்துவிட்டேன். கட்டாயப்படுத்தாமல் இருப்பது வேறு, பக்கத்திலேயே போகாமல் இருப்பது வேறு. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஸ்டேஷனில் எதிரே வந்தால், “நல்லாருக்கீங்களா தம்பி?” “இருக்கேன் பாஸ்டர்.” அதோடு சரி.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. “விபத்து ரிப்போர்ட் வந்துச்சு ஐயா. கடைசியா அவன்கூட இருந்த தம்பிய ஒரு தடவை பார்க்கணும்.” வேறு ஒரு வார்த்தை இல்லை. ரிப்போர்ட்டில் நேரங்கள் இருக்கும். போலீஸ் போய்ச் சேர்ந்த நேரம், உயிர் பிரிந்த நேரம். அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாரா? நன்றி சொல்லக் கூப்பிடுகிறாரா, கேட்கக் கூப்பிடுகிறாரா? தம்பி என்னிடம் சொன்னது என்னோடு இருக்க வேண்டியது. யாருடைய உயிருக்காவது ஆபத்து இருந்தாலொழிய அதை நான் வெளியே எடுக்க முடியாது. என் வாயால் சொன்னதைக்கூட என்னால் திருத்த முடியாத நிலை.

“கேட்டுச் சொல்றேன்மா” என்று பதில் போட்டேன். இன்னும் கேட்கவில்லை.

தம்பிக்கு நாளை நைட் ஷிப்ட். அதே வண்டியில் எனக்கும் போட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தியை முதலில் காட்டுவதா, “அன்னைக்கு என்ன பேசினான்?” என்று முதலில் கேட்பதா என்று இதை எழுதுகிற நேரம்வரை எனக்குப் பிடிபடவில்லை.