நாவல் கொன்றுவிட்ட அன்னா சட்டர்

கலிபோர்னியாவின் தங்க வேட்டையைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில், தங்கம் முதலில் கிடைத்த ஆலையின் சொந்தக்காரரான சட்டரின் மனைவி அன்னா சட்டரின் பெயர் வருவதே அபூர்வம். வந்தாலும் சாவுச் செய்தியாகத்தான் வருகிறது. பிளேஸ் சாந்த்ரார் 1925-ல் பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘தங்கம்’ என்ற நாவலில், சுவிட்சர்லாந்திலிருந்து பிள்ளைகளுடன் கடல் கடந்து வரும் அன்னா, கணவரின் பண்ணையை வந்தடைந்ததும் உயிரை விடுகிறார். இதே வரலாற்றைச் சில பக்கங்களில் எழுதிய ஸ்டெஃபான் ஸ்வைக்கும் அவரைப் பயணக் களைப்புக்கே பலி கொடுத்தார். உண்மையில் அன்னா 1850 ஜனவரியில் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார். இறந்தது 1881 ஜனவரியில். இடையில் கிடக்கும் 31 ஆண்டுகளை ஒரு கதாசிரியர் எதற்காக வெட்டி எறிய வேண்டும் என்ற கேள்விதான் என்னை இந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது.

அன்னா டியூபெல்ட் 1805-ல் பிறந்தவர். பெர்ன் மாநிலத்தைச் சேர்ந்த புர்க்டோர்ஃப் என்ற சிற்றூரில் அவருடைய தாயார் கையில் ஓரளவு பணம் புழங்கிய விதவை. யோஹான் அவுகுஸ்ட் சட்டர் என்ற கடைக் குமாஸ்தாவுக்கும் அன்னாவுக்கும் 1826 அக்டோபர் 24-ஆம் தேதி திருமணம் நடந்தது; மறுநாளே மூத்த மகன் பிறந்தான். சிற்றூர்கள் இப்படிப்பட்ட கணக்கை எளிதில் மறப்பதில்லை. மாமியாரின் பணத்தில் மருமகன் துணிக்கடை வைத்தார். கையில் இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவு செய்வதும், அழகான சீருடைகளின் மேல் மோகம் கொள்வதுமாக இருந்த அவருக்கு வியாபாரம் கைகூடவில்லை. 1834 மே மாதத்தில், கடன்காரர்களும் சிறையும் நெருங்கிய வேளையில், மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கம்பி நீட்டினார்.

அதன் பின் 16 ஆண்டுகள். தப்பி ஓடியவரின் மனைவி என்ற பெயரோடு, அவர் கடன் வைத்துவிட்டுப் போன அதே மனிதர்களுக்கு நடுவில், உடன்பிறந்தவர்களின் தயவில் அன்னா பிள்ளைகளை வளர்த்தார். கடைக்குட்டி அந்த ஆண்டுகளிலேயே இறந்துபோனான். வரலாற்று நூல்கள் இந்தக் காலத்தை ஒரு வரியில் கடந்து செல்வது எனக்கு வியப்பளிக்கவில்லை. அதே காலத்தில் கணவர் செய்துகொண்டிருந்தவை கண்ணைப் பறிப்பவை. ஃபோர்ட் வான்கூவர், ஹவாய், அலாஸ்காவின் சிட்கா எனச் சுற்றி 1839-ல் கலிபோர்னியாவில் கால் வைத்த சட்டர், 1841-ல், அந்த மண்ணை அப்போது ஆண்ட மெக்சிகோவின் ஆளுநர் அல்வராடோவிடமிருந்து 48,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை மானியமாகப் பெற்று, அதற்கு ‘நியூ ஹெல்வீஷியா’, அதாவது ‘புதிய சுவிட்சர்லாந்து’, என்று தாய்நாட்டின் பெயரையே சூட்டினார். சுவிஸ் படையில் கேப்டனாக இருந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார், அப்படி இருந்ததில்லை. ஹவாயிலிருந்து அழைத்து வந்தவர்களில் மனுயிகி என்ற பெண்ணும் ஒருவர்; அவர் சட்டரோடு வாழ்ந்தார். கோட்டையையும் வயல்களையும் எழுப்பியது நிசெனான், மிவோக் பழங்குடியினரின் உழைப்பு. அவர்களில் பலர் கட்டாயத்தின் பேரில் வேலை செய்தவர்கள். இரவில் அடைத்து வைக்கப்பட்டார்கள், மாட்டுத் தொட்டி போன்ற மரத்தொட்டிகளில் உணவு ஊற்றப்பட்டது என்று நேரில் கண்டவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ‘முன்னோடி’ என்ற சொல்லைச் சட்டருக்குச் சூட்டுகிறவர்கள் அந்தத் தொட்டிகளையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அன்னாவைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்தவர் கணவர் அல்லர், மூத்த மகன் அவுகுஸ்ட். 1848 ஜனவரி 24-ல் கொலோமாவில் சட்டரின் மரம் அறுக்கும் ஆலைக் கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டெடுத்தார்; அதே ஆண்டு செப்டம்பரில் அவுகுஸ்ட் தந்தையைத் தேடி வந்து சேர்ந்தார். வேலையாட்கள் தங்கம் தேடி ஓடிவிட, கடன்காரர்கள் இங்கேயும் வாசலில் நின்றார்கள். அவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகத் தந்தை தம் சொத்தையெல்லாம் 21 வயதான மகனின் பெயருக்கு மாற்றினார். மகன் ஆற்றங்கரையில் மனைகளைப் பிரித்து ஒரு நகரத்தை வகுத்தார். அதுதான் சாக்ரமென்டோ, இன்று மாநிலத்தின் தலைநகரம். மனை விற்ற பணத்தில் தந்தையின் கடன்களைத் தீர்த்தார்; தாயையும் உடன்பிறந்தவர்களையும் அழைத்து வருவதற்காக, கோட்டையில் வேலை பார்த்த, சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்துக்காரரான ஹைன்ரிஹ் லீன்ஹார்டைப் பணத்துடன் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார். தந்தைக்கோ, தாம் விரும்பிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் மகன் நகரம் எழுப்பியதில் தீராத கோபம்.

அட்லாண்டிக்கைக் கடந்து, இன்னும் ரயில் பாதை போடப்படாத பனாமா பூசந்தியைத் தாண்டி, பசிபிக்கில் மீண்டும் கப்பலேறி, மகள் எலிசா, மகன்கள் எமில், அல்ஃபோன்ஸ் ஆகியோருடன் அன்னா சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 44. அந்த ஜனவரியில் ஆற்று வெள்ளம் சாக்ரமென்டோவை மூழ்கடித்திருந்தது. மகன் வகுத்த தெருக்களில் படகுகள் ஓடின. கதாசிரியர்கள் அன்னாவைக் கொன்றது இந்த இடத்தில்தான். அதன் காரணமும் இப்போது எனக்குப் புரிகிறது. தங்கத்தால் அழிந்த பேரரசன் என்ற சோக நாயகனாகச் சட்டரை நிறுத்த வேண்டுமானால், கைவிடப்பட்ட மனைவி வாசலிலேயே மடிந்தாக வேண்டும். உயிரோடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், 16 ஆண்டுகளுக்கு அந்த நாயகன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாசலில் மடியாத அன்னா, ஃபெதர் ஆற்றங்கரையிலிருந்த ஹாக் பண்ணையில் 15 ஆண்டுகள் குடும்பம் நடத்தினார். பழத்தோட்டமும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த அந்த வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. கணவர் ஜெனரல் பட்டத்தோடும் மதுக்கோப்பையோடும் பழங்கதை பேசுவார், கடன் வளரும். நிலமெங்கும் அத்துமீறிக் குடியேறியவர்கள் நிறைந்திருந்தார்கள். 1858-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதல் மானியத்தை உறுதி செய்தாலும், அடுத்த ஆளுநர் மிச்செல்டொரேனா கொடுத்த, அதைவிடப் பெரிய மானியத்தைத் தள்ளுபடி செய்தது. தந்தைக்கும் மூத்த மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. அவுகுஸ்ட் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்குப் போய்விட்டார். அல்ஃபோன்ஸ் நிகராகுவாவைக் கைப்பற்றப் போன அமெரிக்கர் வில்லியம் வாக்கரின் கூலிப்படையில் சேர்ந்து, உடல்நலம் கெட்டுத் திரும்பி, 1863-ல் இறந்தார்.

1864-ல் கலிபோர்னிய அரசு சட்டருக்கு மாதம் 250 டாலர் வழங்கத் தொடங்கியது. மறு ஆண்டு ஜூனில், திருட்டுக்காகச் சட்டர் சவுக்கால் அடித்த முன்னாள் படைவீரன் ஒருவன் பழிவாங்க வீட்டுக்குத் தீ வைத்தான். அன்னாவுக்கு அப்போது ஏறத்தாழ 60 வயது. புர்க்டோர்ஃபில் கணவரின் கடனால் போன வீடு, இங்கே கணவரின் சவுக்கால் போயிற்று. இருவரும் கலிபோர்னியாவை விட்டே வெளியேறி, நிவாரணம் கேட்டு வாஷிங்டனுக்குச் சென்றார்கள்.

1871-ல் பென்சில்வேனியாவின் லிட்டிட்ஸ் என்ற சிற்றூரில் செங்கல் வீடு கட்டிக் குடியேறினார்கள். மொராவியன் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் நிறுவிய ஊர் அது. நல்ல பள்ளிகளும், மூட்டுவலிக்கு நல்லதென்று பெயர் பெற்ற ஊற்றுநீரும் இருந்தன. சுற்றுவட்டாரம் முழுக்க ஜெர்மானிய வம்சாவளியினர் வாழ்ந்ததால், அன்னா தம் தாய்மொழியிலேயே அண்டை வீட்டாரோடு பேசிக்கொள்ள முடிந்தது. அமெரிக்கா அவருக்குக் கொடுத்தவற்றில் இதுதான் உருப்படியானது என்று நான் நினைக்கிறேன். கணவரோ ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் படிக்கட்டுகளை ஏறி இறங்கினார். அவருக்கு 50,000 டாலர் வழங்கும் மசோதாவை நிறைவேற்றாமலேயே 1880 ஜூனில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்தது. இரண்டு நாள் கழித்து, 18-ஆம் தேதி, வாஷிங்டன் விடுதியறையில் அவர் இறந்தார்.

ஏழு மாதங்கள் கழித்து, 1881 ஜனவரி 19-ல், லிட்டிட்ஸ் வீட்டில் அன்னா காலமானார். மொராவியன் கல்லறைத் தோட்டத்தில் கற்கள் தரையோடு தரையாகக் கிடக்கும். பழைய வழக்கப்படி ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில்தான் அடக்கம் செய்யப்படுவார்கள், கணவன் மனைவி என்றாலும் சரி. திருச்சபையைச் சேராத சட்டருக்கு அங்கே இடம் கொடுத்ததே ஒரு விலக்கு. அன்னாவை அவரோடு சேர்த்து அடக்கம் செய்தது இன்னொரு விலக்கு. 16 ஆண்டுகள் பிரித்து வைத்த கணவரோடு சேர்ந்து கிடக்க அன்னா விரும்பியிருப்பாரா என்று யாராவது கேட்டிருந்தால் நன்றாயிருக்கும். அதே ஆண்டில் எமிலும் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்டில் இறந்தார். தாய்க்குப் பயணப் பணம் அனுப்பிய அவுகுஸ்ட், அகாபுல்கோவில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாகவும் வணிகராகவும் இருந்து 1897-ல் மறைந்தார்.