கம்ப்ரஷன் 120 காட்டியது, பிஸ்டன் இறுகிப்போனது

பழைய ஸ்நோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஷன் டெஸ்டில் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கட்டும் அழுத்தத்தை பிஎஸ்ஐ அலகில் அளப்பது) நல்ல எண் வந்ததை மட்டும் காட்டி "எஞ்சின் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கிடைத்த பதில் அதுதான். இன்னும் ஆறவில்லை.

நான் இருப்பது கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில். வண்டி 1990-களில் வந்த ஸ்கண்டிக் மாடல். காற்றில் குளிரும் ரோட்டாக்ஸ் 503 எஞ்சின், இரட்டை கார்புரேட்டர். பனிக்காலத் தொடக்கத்திலேயே அறிகுறிகள் வந்துவிட்டன. திராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் மேலேயே நின்றது. சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) கொஞ்சம் இழுத்தால் எஞ்சின் சீரானது. கிளட்ச் பக்கத்து ஸ்பார்க் பிளக் வெளுத்துக் கிடந்தது, மற்றது நல்ல பழுப்பு. அதாவது அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் காற்று கூடுதலாகப் போகிறது, பெட்ரோல் போதவில்லை.

இதையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் பிளக்குகளைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு பக்கமும் 120 பிஎஸ்ஐ இருக்கு, கார்புரேட்டரைக் கழுவினால் போதும்" என்றார். கழுவினார்கள், பணம் வாங்கினார்கள், தாராளமாக ஓட்டலாம் என்று அனுப்பினார்கள். உறைந்த ஏரியின் நடுவில் வேகமாகப் போகும்போது எஞ்சின் கீச்சிட்டு அப்படியே இறுகி நின்றது. நண்பரின் வண்டி உடன் வந்திராவிட்டால் அந்தக் குளிரில் நடந்தே கரைக்கு வந்திருக்க வேண்டும்.

இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் என்ற அறைக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறும். அந்த அறையிலிருந்து கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் கிராங்க் சீலின் ரப்பர் வயதாகி இறுகினால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். கலவை நீர்த்துப்போகும், பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகும். கம்ப்ரஷன் டெஸ்ட் அளப்பது பிஸ்டனுக்கு மேலே உள்ளதை. கீழே இருக்கும் சீலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

சீலைச் சோதிக்கச் செய்ய வேண்டியது பிரஷர் டெஸ்ட். அடுத்து வேறொரு மெக்கானிக்குடன் சேர்ந்து அதைத்தான் செய்தோம். எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் ரப்பரால் அடைத்து, கிராங்க்கேஸிலிருந்து பெட்ரோல் பம்புக்குப் போகும் பல்ஸ் குழாயின் வாய் வழியாக 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றினோம். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலே பிதுங்கிவிடும். கேஜின் முள் நிற்கவே இல்லை, இறங்கிக்கொண்டே போனது. கிளட்சைக் கழற்றி சோப்புத் தண்ணீர் தெளித்ததும் அதன் பின்னால் இருக்கும் சீலைச் சுற்றி நுரை பொங்கியது. அப்பாடா, நான் கவுண்டரில் நின்று சொன்ன அதே பக்கம்!

எஞ்சினைப் பிரித்தது, சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டது எல்லாம் தடையில்லாமல் நடந்தன. சீலை மட்டும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒன்று போயிருந்தால் அதே வயதுள்ள மற்றதும் நாள் எண்ணிக்கொண்டிருக்கும். கார்புரேட்டர் உட்காரும் ரப்பர் உறையையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வளைத்தால்தான் தெரியும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி, டார்ச் அடித்து, துளை வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்த்துவிடுங்கள். நெடுக்குக் கீறல்கள் இருந்தால் கம்ப்ரஷன் எவ்வளவு காட்டினாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். விற்பவர் கழற்ற விடவில்லை என்றால் நான் வாங்கமாட்டேன்.