தம்பிக்கு வாங்கின பழைய பைக்கு: என் நாட்குறிப்பு

ஜூன் 14, 2025, சனி

மேட்டூர் தொறந்து ரெண்டு நாள் ஆச்சு, ஊர்ல எல்லாரும் குடமுருட்டில தண்ணி எப்ப வரும்னு பேசிட்டு இருக்காங்க, எங்க வீட்ல மட்டும் ஒரே பைக்கு பேச்சு. தம்பி காலைல மூணரைக்கு எந்திரிச்சு வலங்கைமான் சுத்தி நாலு ஊர்ல பால் எடுத்து, டீக்கடை தொறக்கறதுக்குள்ள கும்பகோணம் கொண்டு போய் ஊத்தணும். பழைய மொபெட் போன மாசமே படுத்துடுச்சு. அதனால மகளிர் குழுவுல நான் லோன் போட்டு, கும்பகோணத்துல பழைய வண்டி விக்கற ஒரு கடைல 125 சிசி பைக் எடுத்தோம். 48,000 ரூபா. இருபதாயிரம் ஜிபே, மிச்சம் கையில.

பில் கேட்டேன், ஆர்சி பேரு மாத்தி வர்றப்ப சேத்து தர்றேம்மான்னாரு. நான் விடல, எதாவது எழுதி குடுங்கண்ணேன்னு அங்கயே நின்னேன். சரின்னு அவரு விசிட்டிங் கார்டு பின்னாடி வண்டி நம்பர், 48,000 பெற்றுக்கொண்டேன், இன்ஜின் கண்டிஷன் குட், 3 மாசம் கேரண்டின்னு எழுதி தேதி போட்டு கையெழுத்தும் போட்டாரு. மீட்டர்ல 28,412. வாட்ஸ்அப்லயும் "28 ஆயிரம் கிமீ, சிங்கிள் ஓனர், ஒரு ரூபா செலவு இல்ல"ன்னு தான் போட்டிருந்தாரு.

பாடைகட்டி மாரியம்மன் கோயில் வாசல்ல நிறுத்தி அம்மா சூடம் காட்டி எலுமிச்சம்பழம் வச்சாங்க. தம்பி மூஞ்சிய பாக்கணுமே, அவ்ளோ சந்தோஷம்.

ஜூன் 19, வியாழன்

வண்டி பொகையுது. நீலமா, கொசு மருந்து அடிக்கற மாதிரி. முதல் ரெண்டு நாள் ஒண்ணும் தெரியல, இப்ப ரெண்டு கேனோட ஆத்துப்பாலம் ஏறும்போது உள்ள டக டகன்னு சத்தம் வருதுக்கான்னு சொல்றான். கடைக்கு போன் போட்டா "ஓட ஓட சரியாயிடும்"ங்கறாங்க.

ஜூன் 22, ஞாயிறு

தெருமுனை மெக்கானிக் அண்ணன் பாத்தாரு. இத விவரமா எழுதி வைக்கறேன், பின்னாடி வேணும்.

ஸ்பார்க் பிளக்க கழட்டி என் உள்ளங்கையில வச்சாரு. நுனி பூரா கருப்பா ஈரமா, மை தொட்ட மாதிரி. நல்ல இன்ஜின்னா வெளிறின பழுப்பு கலர்ல காஞ்சு இருக்கும் பாப்பா, இது ஆயில குடிக்குதுன்னாரு. அப்புறம் சைலன்சர் வாய்ல வெரல விட்டு எடுத்தா பிசுபிசுன்னு ஒட்டுது. கீழ தட்டு வச்சு ஆயில இறக்கினாரு, அது எறங்கற விதத்த பாத்தே அவருக்கு மூஞ்சி மாறிடுச்சு. நல்லெண்ணெய் மாதிரி ஓட வேண்டியது வெல்லப்பாகு மாதிரி சொட்டுது. இன்ஜின் தேஞ்சு போன வண்டிக்கு தடிமனான ஆயில ஊத்தி விட்டா கொஞ்ச நாளைக்கு சத்தமும் பொகையும் அடங்கி இருக்கும், விக்கறதுக்கு அது போதும்னாரு. இன்ஜினுக்குள்ள பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேஞ்சு போச்சு, கிராங்க் ஷாஃப்டும் சந்தேகம், 14,000 ஆவும்னு கணக்கு சொன்னாரு.

சரி பிரிச்சு பாத்துடுங்கண்ணேன்னு நான் சொன்னதுக்கு அவரு கைய எடுத்துட்டாரு. "இப்ப நான் ஹெட்ட கழட்டினா, நீங்க தான் பிரிச்சு கெடுத்தீங்கன்னு அவன் சொல்லுவான். முதல்ல அவன்கிட்ட பேசு, வண்டி இப்படியே கெடக்கட்டும்." அந்த ஒரு வார்த்தை எங்கள காப்பாத்தும்னு தோணுது. பாத்தத எல்லாம் அவரோட லெட்டர் பேடுல எழுதி கையெழுத்து போட்டு குடுத்தாரு, எறக்கின ஆயில கூட ஒரு பாட்டில்ல புடிச்சு வச்சிருக்கேன்.

ஜூன் 24, செவ்வாய்

கடைக்கு நானும் தம்பியும் போனோம். பழைய வண்டின்னா அப்படி இப்படி தான் இருக்கும், பாத்து தானே எடுத்தீங்கன்னாரு. கேரண்டின்னு எழுதி குடுத்தீங்களேண்ணேன்னா, அது இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது இறுகி நின்னு போனா மட்டும் தானாம். அப்புறம் தம்பிய பாத்து, "பால் கேன ஏத்தி அடிச்சு ஓட்டிட்டு இங்க வந்து நிக்கறியா, போடா"ன்னாரு. நாலு பேரு பாத்துட்டு நிக்கறாங்க. தம்பி ஒண்ணும் பேசல, பஸ்ல வர்றப்ப ஜன்னல் பக்கமே திரும்பிகிட்டு வந்தான். எனக்கு காசு போனத விட அது தான் தாங்கல.

ஜூன் 28, சனி

ஆர்சில இருக்கற பேர வச்சு விசாரிச்சு விசாரிச்சு பழைய ஓனர புடிச்சுட்டேன், மன்னார்குடி பக்கம். பயந்துகிட்டே தான் போன் போட்டேன், நல்ல மனுஷன். இன்ஜின் அடி வாங்கிடுச்சுன்னு சொல்லியே தான் 18,000 ரூபாய்க்கு கடைல குடுத்தேம்மா, பேரு மாத்தற ஃபார்ம் 29, 30ல வெறும் கையெழுத்து வாங்கிகிட்டாங்கன்னாரு. சர்வீஸ் பில் இருக்கான்னு கேட்டேன், தேடி எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. 2023 பில். அதுல கிலோமீட்டர் 57,640.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே அம்பத்தேழாயிரம் ஓடின வண்டி எங்க கைக்கு வரும்போது இருபத்தெட்டாயிரம். கை நடுங்கிடுச்சு எனக்கு.

அவருக்கும் இதுல கவலை இருக்கு, ஏன்னா வண்டி இன்னும் அவரு பேர்ல தான் இருக்கு. யாரு ஓட்டி ஆக்சிடென்ட் ஆனாலும் ஆர்சில பேரு இருக்கறவர் தான் நஷ்டஈட்டுக்கு பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. வண்டிய வித்தவங்க இத படிச்சா, பேரு மாறிடுச்சான்னு இன்னிக்கே பாத்துடுங்க.

ஜூலை 2, புதன்

நான் வேலை பாக்கற கூட்டுறவு சங்கத்துக்கு ஒரு சார் வருவாரு, கோர்ட்ல எழுத்தரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. பேப்பர் எல்லாத்தையும் காட்டினேன், ஒரு மணி நேரம் உக்காந்து சொல்லி குடுத்தாரு. மறந்துடுவேன்னு அப்படியே எழுதறேன்.

பழைய பொருள்னா சட்டம் இல்லன்னு கடைக்காரங்க சொல்றது பொய். நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019, பழசு புதுசுன்னு பிரிக்கல. விக்கறவரு இப்படி இருக்குன்னு சொல்லி விக்கறாரு, பொருள் அப்படி இல்லன்னா அது குறைபாடு தான். பழைய வண்டி புது வண்டி மாதிரி ஓடணும்னு நாம கேக்க முடியாது, ஆனா அவரு சொன்ன மாதிரி இருக்கணும்னு கேக்கலாம். விசிட்டிங் கார்டு பின்னாடி எழுதினதும் வாட்ஸ்அப்ல போட்டதும் தான் அவரு சொன்னது. பில் குடுக்காததே ஒரு தப்பு, குறை உள்ள பொருள திருப்பி எடுக்க மாட்டேங்கறதும் தப்பு, பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாள் கணக்கு. பாத்து தானே எடுத்தீங்கங்கற பேச்சுக்கு 1930ம் வருச சரக்கு விற்பனை சட்டத்துலயே பதில் இருக்காம், பாத்தா தெரியற குறைக்கு தான் அந்த பேச்சு, இன்ஜினுக்குள்ள இருக்கறத யாரு பாக்க முடியும்.

எனக்கு பெரிய பயம் வேற ஒண்ணு. தம்பி பால் வியாபாரம் பண்றான், யாவாரத்துக்கு வாங்கினவன் நுகர்வோரே இல்லன்னு சொல்லிடுவாங்களோன்னு கேட்டேன். சார் சிரிச்சுட்டாரு. சொந்தமா ஒழைச்சு வயித்து பொழப்புக்கு வாங்கினா அது வணிக நோக்கம் கெடையாதுன்னு சட்டத்துலயே போட்டிருக்காம். காசு குடுத்தது நான், ஓட்டறது அவன், அதுவும் பிரச்சனை இல்ல, வாங்கினவங்க சம்மதத்தோட பயன்படுத்தறவரும் நுகர்வோர் தான். இதெல்லாம் தெரியாம எத்தன பேரு கண்ண தொடச்சுட்டு வீட்டுக்கு போயிருப்பாங்க!

இன்னொண்ணும் சொன்னாரு, 2023 ஏப்ரல் 1ல இருந்து பழைய வண்டி வாங்கி விக்கற டீலரு ஆர்டிஓகிட்ட ஆத்தரைசேஷன் சர்டிபிகேட், அதாவது அனுமதி சான்று வாங்கிருக்கணும். பழைய ஓனர் ஃபார்ம் 29சி மூலமா வண்டிய டீலர்கிட்ட ஒப்படைச்சாச்சுன்னு தெரிவிச்சா, அதுக்கப்புறம் டீலர் தான் ஓனர் மாதிரி பொறுப்பு. இங்க அது எதுவுமே நடக்கல.

சாயங்காலம் 1915 நேஷனல் நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டு புகார் பதிஞ்சு நம்பர் வாங்கிட்டேன்.

ஜூலை 9, புதன்

1915ல இருந்து கடைக்கு கேட்டும் பதில் வரல. நானே நோட்டீஸ் எழுதினேன், வக்கீல் இல்லாம. என்னிக்கு வாங்கினது, என்ன சொன்னாரு, என்ன இருந்துச்சு, 15 நாள்ல வண்டிய எடுத்துகிட்டு 48,000 திருப்பி குடுங்க, உங்க ஆத்தரைசேஷன் நகலும் குடுங்க. ஒன்றரை பக்கம் தான். ரிஜிஸ்டர் தபால்ல அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டோட அனுப்பியாச்சு. 30 நாள் முடியறதுக்குள்ள போகணும்னு தான் அவசரம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆத்துல தண்ணி நெறைய போவுது, படித்துறைல அம்மா மஞ்சள் கயிறு கட்டி விட்டாங்க, சித்ரான்னம் நாலு வகை. தம்பி மட்டும் வரல, மாமாவோட டிவிஎஸ் 50 வாங்கி ஓட்டிட்டு இருக்கான், அதுல ஒரு கேன் தான் ஏறும், ரெண்டு நடை போறான். நோட்டீஸ் வாங்கிட்டாருன்னு கார்டு வந்துடுச்சு, பதில் வரல.

ஆகஸ்ட் 11, திங்கள்

திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுத்தாச்சு. கடை இருக்கறது தஞ்சாவூர் மாவட்டம், நாங்க இருக்கறது திருவாரூர் மாவட்டம், தஞ்சாவூருக்கு தான் போகணும்னு பயந்துட்டு இருந்தேன். புது சட்டத்துல நாம குடியிருக்கற எடத்துலயே போடலாம். அஞ்சு லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின பொருளுக்கு ஃபீஸ் கெடையாது. ரெண்டு வருசத்துக்குள்ள போட்டா போதும், ஆனா பொகை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்போதே போடறது நல்லது. ஆன்லைன்ல இ-ஜாக்ரிதிங்கற நுகர்வோர் புகார் தளத்துலயும் போடலாம்னாங்க, எனக்கு நேர்ல போய் குடுத்தா தான் மனசு ஆறும். நீடாமங்கலம் கேட்டுல பஸ் அரை மணி நேரம் நின்னுச்சு, ஃபைல மடியில வச்சுகிட்டு திரும்ப திரும்ப எண்ணிகிட்டே இருந்தேன். விசிட்டிங் கார்டு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பிரிண்ட், மெக்கானிக் கடிதம், சர்வீஸ் பில், நோட்டீஸ், அத வாங்கிட்டாருன்னு வந்த தபால் கார்டு. வண்டி பணம் 48,000, அது போக பால் நின்ன நாளுக்கும் அலைச்சலுக்கும் 10,000 கேட்டிருக்கேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆணையத்துல இருந்து கடைக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கு, 30 நாள்ல பதில் குடுக்கணும், மிஞ்சினா இன்னும் 15 நாள், அதுக்கு மேல கெடையாது. நேத்து ராத்திரி அவரே வீட்டுக்கு வந்துட்டாரு. முப்பதாயிரம் வாங்கிட்டு விட்டுடும்மாங்கறாரு. அப்பா வாங்கிக்கலாம்னு என்ன பாத்தாரு. நான் தம்பிய பாத்தேன். அவன் "அக்கா சொல்றது தான்"னான். முடியாதுண்ணே, மீட்டர திருப்பினது நானா நீங்களான்னு அங்க வந்து சொல்லுங்கன்னுட்டேன். குரல் நடுங்கிச்சு, ஆனா சொல்லிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

சமரசத்துக்கு ரெண்டு பேரும் ஒத்துகிட்டோம். 48,000 முழுசா, செலவுக்கு 7,000, பேங்க் டிடியா. மூவாயிரம் விட்டு குடுத்தேன், இன்னும் ஆறு மாசம் சம்பளத்த விட்டுட்டு அலையறதுக்கு அது மேல். ஆனா தாள்ல ரெண்டு வரி சேக்க சொல்லி உக்காந்தேன். ஒண்ணு, மீட்டர் 28,977ல வண்டிய திரும்ப பெற்றுக்கொண்டார்னு. இன்னொண்ணு, 29சி போட்டு பழைய ஓனர் பொறுப்ப இவரு ஏத்துக்கணும்னு. அந்த மன்னார்குடி மனுஷன் பில் அனுப்பலன்னா எனக்கு ஒண்ணும் நடந்திருக்காது. ஒப்பந்தத்த ஆணையத்துலயே பதிவு பண்ணி நகல் குடுத்தாங்க.

வெள்ளிக்கிழமை குழுவுல லோன முடிச்சுடுவேன். வண்டிய எடுக்க கடை பையன் மதியம் வந்தான். தம்பி ஸ்பேனர எடுத்து, கேன் மாட்ட அவன் காசு போட்டு வெல்டு வச்ச கொக்கி ரெண்டையும் கிளாம்போட கழட்டி, தொடச்சு, திண்ணைல வச்சுட்டு சாவிய குடுத்தான்.